யார் துரத்துகிறார்கள்?

நீங்கள் கடைசியாக ஓடியது எப்போது? பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வைத்ததையும், பால் பொங்கும் சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்குப் பாய்ந்ததையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஓட வேண்டும் என்பதற்காகவே ஓடியது எப்போது? பள்ளிக்கூடத்து நாட்களைத் தாண்டி வேறு பதில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். எனக்கும் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு மார்ச் மாதக் காலையில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஹாப்கின்டன் என்ற சிற்றூரின் பெரிய தெருவில், ரோட்டுக்குக் குறுக்கே தீட்டியிருந்த ஒரு கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். குளிர் எலும்பைக் குடைந்தது. என் பக்கத்தில் என் சிநேகிதி, அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய தாயார். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாளைக் குழந்தைகளோடு சேர்ந்து நானும் ‘ஆச்சி’ என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். புடவைக்கு மேலே மருமகப்பிள்ளையின் கம்பளிக் கோட்டு, தலையில் பேத்தியின் ரோஜா நிறக் குல்லா. கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு ஆச்சி கேட்டாள்:

“ஏட்டி, இங்கேயிருந்து எதுவரைக்கும் ஓடணும்?”

“பாஸ்டன் வரைக்கும் அம்மா.”

“காரிலே வரதுக்கே முக்கால் மணி ஆச்சே! உன்னைய யாரு துரத்துதா?”

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் உங்களையும் இந்த வழியே அழைத்துப் போகிறேன். பயப்படாதீர்கள், நாம் மோட்டாரில் போகிறோம்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 26 மைல் 385 கஜம். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, தாம்பரத்தையும் வண்டலூரையும் கடந்து கூடுவாஞ்சேரிப் பக்கம் இறங்குகிறீர்களே, கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த உபரி 385 கஜம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? 1908-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு, மைதானத்தில் ராஜ குடும்பத்தார் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரே ஓட்டம் முடிந்தது. 1921-இல் அந்தத் தூரமே உலகத்துக்கெல்லாம் பொது விதியாயிற்று. ராஜ குடும்பம் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்ததற்கு இன்றுவரை கால் நோவது யாருக்கு, பாருங்கள்!

பாஸ்டன் ஓட்டம் அதற்கும் மூத்தது. 1896-இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக்ஸ் நடந்தது. மறு வருஷமே, 1897 ஏப்ரல் 19-ந் தேதி, ஹாப்கின்டனுக்கு அடுத்த ஊரான ஆஷ்லண்டிலிருந்து பதினைந்து ஆண்கள் பாஸ்டனை நோக்கி ஓடினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த மெக்டெர்மட் என்பவர் ஜெயித்தார். 1924-இல் ஆரம்ப இடம் ஹாப்கின்டனுக்கு மாறியது. இப்போது ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை தோறும் சுமார் முப்பதாயிரம் பேர் இந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். அவர்களில் பரிசுப் பணத்தை எதிர்பார்த்து ஓடுகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களெல்லாம் வாத்தியார்கள், நர்ஸுகள், குமாஸ்தாக்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள். என் சிநேகிதி அந்தக் கடைசி ரகம்.

நினைத்தவர்களெல்லாம் இதில் ஓடிவிட முடியாது. வேறொரு மாரத்தானில், வயதுக்கு ஏற்றபடி விதித்திருக்கும் நேரத்துக்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். நாற்பதை ஒட்டிய பெண்ணுக்கு அது ஏறக்குறைய மூன்றரை மணி. “அது எனக்கு இந்த ஜன்மத்தில் இல்லை” என்றாள் சிநேகிதி. அவளைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஏதேனும் ஒரு தரும ஸ்தாபனத்துக்கென்று ஆயிரக்கணக்கான டாலர் வசூலித்துக் கொடுத்தால் அதன் சார்பில் ஓடலாம். அந்த வசூலை எப்படிச் செய்தாள் தெரியுமா? முறுக்கு விற்று! தமிழ்க் குடும்பங்களிலும், காரியாலயத்திலும், குழந்தைகளின் பள்ளிக்கூடத்திலும் பொட்டலம் பொட்டலமாக விற்றாள். முறுக்குச் சுற்றியது யார்? “இந்தக் கிறுக்குத்தனத்துக்கு நான் உடந்தை இல்லை” என்று தினமும் சொல்லிக்கொண்டே மாவு பிசைந்த ஆச்சிதான்.

ஹாப்கின்டனிலிருந்து புறப்பட்டால் சாலை சடாரென்று இறங்குகிறது. ஆரம்ப இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஐந்நூறு அடிக்குச் சற்றுக் குறைவு. பாஸ்டனில் முடிகிற இடமோ ஏறக்குறையக் கடல் மட்டம். ‘அப்படியானால் இறக்கந்தானே, சுலபம்!’ என்று நான் நினைத்தேன். “அதுதான் இந்தச் சாலையின் சூழ்ச்சி” என்றாள் சிநேகிதி. இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசைதான் உடம்பைத் தடுத்துப் பிடிக்கிறதாம். அப்போது வலி தெரிவதில்லை. பதினாறு மைலுக்குப் பிறகு தொடை கணக்குக் கேட்கிறது.

ஹாப்கின்டன் எல்லைக்குள்ளேயே ஒரு சிலை. கிரேக்க தேசத்து ஸ்டிலியானோஸ் கிரியாகிடிஸ் 1946-இல் இங்கே வந்து ஓடி ஜெயித்தவர். யுத்தத்தில் நொறுங்கிப் பட்டினி கிடந்த தம் நாட்டுக்காக ஓடினார். ஜெயித்த பிறகு உடனே ஊர் திரும்பாமல் அமெரிக்காவில் தங்கி உணவும் மருந்தும் பணமும் திரட்டினார். “இவரும் முறுக்கு விற்ற ஜாதிதான்” என்று ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி சிலையை ஏற இறங்கப் பார்த்து, “ஒடம்பிலே ஒண்ணுமே இல்லையே பாவம்” என்றாள்.

ஆஷ்லண்ட், பிராமிங்ஹாம், நேட்டிக் என்று ஊர்கள் வந்தன, போயின. ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஓர் ஏரி, வெள்ளையடித்த மாதா கோயில்கள், கதவடைத்துத் தூங்கும் வீடுகள். ஆனால் பதின்மூன்றாவது மைலை எட்டும்போது வெல்லெஸ்லி வருகிறது. அங்கே நான் காரை நிறுத்தச் சொன்னேன்.

வெல்லெஸ்லி ஒரு பெண்கள் கல்லூரி. 1875 முதல் நடந்து வருகிறது. 1897-இல் முதல் ஓட்டம் நடந்தபோதே இந்தக் கல்லூரிப் பெண்கள் சாலையோரம் வந்து நின்று ஆரவாரம் செய்தார்களாம். இன்றும் ஓட்டத்தன்று அவர்கள் போடும் கூச்சல் வெகு தூரத்துக்கு முன்பே கேட்கும் என்கிறார்கள். ஆனால் பல காலம் பெண்கள் வேலிக்கு இந்தப் புறம் நின்று கூச்சல் போட மட்டும்தான் முடிந்தது.

1966-ஆம் வருஷம் பாபி கிப் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் கலிபோர்னியாவிலிருந்து விண்ணப்பம் எழுதிப் போட்டாள். பெண்களின் தேகவாகு அவ்வளவு தூரத்தைத் தாங்காது, விதிகளும் ஒன்றரை மைலுக்கு மேல் இடம் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது. இது அந்த ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல, 1928 ஒலிம்பிக்ஸில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள், ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின (நம் தொழிலின் கைங்கரியம்!), அதன் பலனாக 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லாமல் போயிற்று.

பாபி கிப் பஸ் ஏறினாள். நாலு நாள் பிரயாணம் செய்து பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தகப்பனாருக்குக் கோபம். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகம். தாயாருக்கும் முதலில் சம்மதமில்லை. கடைசியில் அந்தத் தாயாரே காரில் ஏற்றிக்கொண்டு போய் ஹாப்கின்டனில் இறக்கிவிட்டார். தமையனுடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமூடி வைத்த நீலச் சட்டைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, புதருக்குள் ஒளிந்திருந்தாள் பெண். ஆண்களில் பாதிப் பேர் புறப்பட்டதும் வெளியே குதித்து ஓட ஆரம்பித்தாள்.

கொஞ்ச தூரத்தில் பக்கத்தில் ஓடினவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விரட்டினார்களா? இல்லை. யாராவது உன்னை வெளியே தள்ளினால் நாங்கள் விடமாட்டோம் என்று தைரியம் சொன்னார்கள். சேதி அவளுக்கு முன்னால் ஓடியது. வெல்லெஸ்லியில் இந்த மரங்களுக்கு அடியில் நின்ற பெண்கள் தங்களில் ஒருத்தி ஓடி வருவதைக் கண்டு கதறியே விட்டார்கள். 3 மணி 21 நிமிஷம் 40 விநாடியில் ஓட்டத்தை முடித்தாள். ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அவளுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

மறு வருஷம் 1967-இல் காத்ரின் ஸ்விட்ஸர் என்ற கல்லூரி மாணவி முதலெழுத்துக்களை மட்டும் போட்டு விண்ணப்பித்து 261 என்ற எண்ணை வாங்கிவிட்டாள். நடு வழியில் ஜாக் செம்பிள் என்ற நிர்வாகி ஓடி வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்ததும், கூட ஓடிய அவளுடைய நண்பர் அவரை இடித்துத் தள்ளியதும் புகைப்படமாகி உலகம் முழுவதும் பரவின. அவளும் ஓடி முடித்தாள். 1972-இல்தான் கதவு சட்டப்படி திறந்தது. எட்டுப் பெண்கள் புறப்பட்டார்கள். எட்டுப் பேரும் முடித்தார்கள். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மாரத்தான் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-இல் எழுபது வயது ஸ்விட்ஸர் அதே 261-ஐக் குத்திக்கொண்டு மறுபடி இந்தச் சாலையில் ஓடினார்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தேன். ஆச்சி ஸ்விட்ஸரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, “அந்த முதல் பிள்ளை... அது அம்மைதான் கொண்டு விட்டாளா?” என்று மட்டும் கேட்டாள்.

நியூட்டன் எல்லைக்குள் நுழைந்து, தீயணைப்பு நிலையத்தருகே வலது பக்கம் திரும்பினால் காமன்வெல்த் அவென்யூ. மேடுகள் நியூட்டனில்தான் ஆரம்பம். ஒன்றன்பின் ஒன்றாக நாலு மேடு. இருபதாவது மைலைத் தாண்டியதும் வருகிற கடைசி மேட்டுக்கு ‘நெஞ்சுடைக்கும் குன்று’ என்று பெயர். பெயரைக் கேட்டு இமயமலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நூறடி உயரம்கூட ஏறவில்லை. திருப்பரங்குன்றத்துப் படியேறினவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது இருக்கிற இடம் பொல்லாதது. ஓடுவதற்கு வேண்டிய சர்க்கரைச் சத்தைத் தசையும் ஈரலும் ஓரளவுதான் சேமித்து வைக்கும். சாதாரணமாக அந்தச் சேமிப்பு இருபது மைலுக்குக் காணும். பெட்டி காலியாகிற அதே நேரத்தில் மேடு எதிரே நிற்கிறது!

பெயர் வந்த கதை வேறு. 1936-இல், முந்தின வருஷம் ஜெயித்த ஜானி கெல்லி இந்த மேடுகளில் எல்லிஸன் பிரவுனை எட்டிப் பிடித்தார். தாண்டும்போது, ‘போதும் தம்பி’ என்பதுபோல் பிரவுனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். செவ்விந்தியரான பிரவுனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாய்ந்து போய் ஜெயித்துவிட்டார். கெல்லியின் நெஞ்சு இங்கே உடைந்ததென்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கெல்லியின் நெஞ்சு அவ்வளவு லேசில் உடைகிற நெஞ்சாகத் தெரியவில்லை. அவர் 61 தடவை இந்த ஓட்டத்தில் புறப்பட்டு 58 தடவை முடித்தார். கடைசியாக 1992-இல் ஓடியபோது வயது 84. குன்றின் அடிவாரத்துக்கு அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. இளம் கெல்லியும் கிழக் கெல்லியும் கை கோத்து ஓடுகிறார்கள்.

அன்று சனிக்கிழமை. அந்த அவென்யூவில் பிரதான சாலைக்குப் பக்கத்தில், மரங்களுக்கு அப்பால் ஒரு கிளைப் பாதை ஓடுகிறது. அதில் சாரி சாரியாக மனிதர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் மேஜை போட்டு யாரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இருபது மைல் ஓடிப் பார்ப்பது வழக்கமாம். அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வரவேண்டும். டிசம்பரிலிருந்தே தயாரிப்பு, பனி முழங்கால் ஆழம் கிடக்கும்போதும், மீசையில் மூச்சு உறையும்போதும் விடிகாலை ஓட்டம். வாரத்துக்கு ஒரு நாள் நீண்ட ஓட்டம்; அந்த நாளைப் பிள்ளைகளுக்கு ஜுரம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தெய்வத்தின் பொறுப்பு.

மேஜையருகே இளைப்பாறியவர்களிடம் ஆச்சியின் கேள்வியை நான் இங்கிலீஷில் போட்டேன். யார் துரத்துகிறார்கள்? இராத்திரி டியூட்டி முடித்து நேரே வந்திருந்த ஒரு நர்ஸ், “படுத்தால் ஆஸ்பத்திரி முகங்கள் வருகின்றன, ஓடினால் வருவதில்லை” என்றாள். நரைத்த தலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர், 2013 ஏப்ரல் 15-ந் தேதி முடிவுக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்து மூன்று பேர் இறந்தபோது தாம் வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டதைச் சொன்னார். “மிச்சம் விட்டுப்போன அந்த மைலை மறு வருஷம் போய் ஓடி முடித்தேன். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை.” இவர்களுக்கெல்லாம் 2018 என்றால் ஒரு குஷி. குளிர் மழையும் எதிர்க்காற்றும் அடித்த அந்த வருஷம் ஆண்களில் ஜெயித்தவர் யூகி கவாவுச்சி, ஜப்பானில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக் குமாஸ்தா. பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் ஆஸ்பத்திரி வேலை செய்தவர்; வேலைக்கு முன்னும் பின்னும் ஓடிப் பழகியவர்; தம் சொந்தப் பணத்தைக் கட்டி ஓட வந்து 75,000 டாலர் பரிசோடு போனார்.

“நீ ஏன் ஓடுகிறாய்?” என்று என் சிநேகிதியைக் கேட்டேன்.

அவள் ஷூக்கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “வீட்டில் அம்மா என்று கூப்பிடுகிறார்கள், ஆபீஸில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஊரிலிருந்து போனில் கூப்பிடுகிறார்கள். ஓடும்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான். போன தடவை இதே இடத்தில் நின்றுவிட்டேன், தெரியுமா? பதினெட்டாவது மைல். காலில் ஒன்றுமில்லை. ‘யார் கேட்டார்கள் உன்னை ஓடச் சொல்லி?’ என்று தலைக்குள் ஒரு குரல். அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.”

ஆச்சிக்கு இது காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டத்தன்று மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்கள் ஓடுகிறவர்களைப் பாஸ்டனிலிருந்து ஹாப்கின்டனுக்கு ஏற்றிக்கொண்டு போயின. சிநேகிதியின் அணி கடைசி. பதினொரு மணிக்கு மேல்தான் புறப்பாடு. ஆச்சியும் நானும் டிராம் ஏறிக் கெல்லி சிலைக்குப் பக்கத்தில் வந்து இடம் பிடித்தோம். ஜனத்திரளைப் பார்த்தால் நம் ஊர்த் தேர்த் திருவிழாதான். மணி அடிக்கிறார்கள், தகர டப்பா தட்டுகிறார்கள், முன்பின் தெரியாதவர்களுக்கு ஆரஞ்சுச் சுளை நீட்டுகிறார்கள். மாகாணம் முழுவதும் அன்று விடுமுறை. 1775-இல் சுதந்தர யுத்தம் தொடங்கியதன் ஞாபகார்த்தம். ஆச்சி கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உப்பு நாரத்தங்காய்! “வேர்வையிலே உப்பெல்லாம் போயிருமாமே. மாப்பிள்ளை சொன்னாவ.”

கைப்பேசியில் சிநேகிதி எந்த மைலில் போகிறாள் என்று தெரிந்துகொண்டே இருந்தது. பாதித் தூரம்... பதினைந்து... அப்புறம் மெதுவாகிவிட்டாள். பதினெட்டுக்குப் பிறகு சேதியே இல்லை. ஆச்சி என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மணி மூன்றைத் தாண்டியது. கால்களை இழுத்துக்கொண்டு நடக்கிறவர்களே அதிகமாக வந்தார்கள்.

வளைவில் அவள் தெரிந்தாள். நடந்துகொண்டிருந்தாள். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அருகில் வந்து, “அம்மா, முடியலை” என்றாள். 

ஆச்சி நாரத்தங்காய்த் துண்டை அவள் வாயில் திணித்தாள். “என்ன முடியலை? இத்தனை முறுக்குச் சுத்தினது எதுக்கு? போட்டீ!” என்றாள். பிறகு செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை, நேயர்களே. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் புறம் நடைபாதையிலேயே பெண்ணுக்குச் சமமாக ஓட ஆரம்பித்துவிட்டாள்! கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பத்து எட்டு, இருபது எட்டு. ஒரு மரத்தடியில் ஆச்சி மூச்சு வாங்கி நின்றாள். அவள் பெண் நிற்கவில்லை. குன்றின் மேல் அந்தச் சிவப்புச் சட்டை சிறுத்துச் சிறுத்துப் போய் மறையும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணி ஆவதற்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போது கைப்பேசி ‘டிங்’ என்றது. பாய்ல்ஸ்டன் தெருவில் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் சிநேகிதி மாடிப்படியில் பின்புறமாக இறங்கி வந்தாள். முன்புறமாக இறங்கத் தொடை இடம் கொடுக்கவில்லை. கூடத்தில் ஆச்சி பாளையங்கோட்டைத் தங்கையோடு போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்: “ஆமாட்டி, முப்பது மைலு! மலையெல்லாம் ஏறி!”

“இருபத்தாறுதான் ஆச்சி” என்று நான் மெதுவாகத் திருத்தினேன்.

ஆச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் ஓடினதையும் சேத்துக்கோ பிள்ளை” என்றாள்.